அவசரத்தில் பிறந்த பலகை

“ஏனுங்ணா, போர்டுல கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமுங்களா?”

அவிநாசியில் பஸ் ஏறி, கோவை காந்திபுரத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் கடை மேசைக்கு முன்னால் நிற்கிற பையன்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை தோறும் வாங்கிய சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிய பணம் அது. பிராசசரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் கைவைக்க மனசு வராது. கேபினட்டின் கண்ணாடிக் கதவும் உள்ளே சுழலும் வண்ண விளக்கும் கனவிலேயே வந்துவிட்டன. மிச்சம் பிடிக்க அகப்படுவது மதர்போர்டு ஒன்றுதான். அது விளையாட்டில் ஒரு பிரேமைக்கூடக் கூட்டித் தராது என்று யாராவது கூட்டாளி சொல்லியிருப்பான்.

அவன் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. போர்டில் குறைக்கலாம். எந்த இடத்தில் குறைக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பதற்கு விடை அந்தப் பலகை பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

பலகையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. பழைய வால்வு ரேடியோவின் முதுகைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு உறுப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் இழுத்து, ஒவ்வொரு முனையையும் கையால் ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளருக்கு அச்சுத் தொழிலில் பழக்கம் உண்டு. 1936-ல் அவர் மெல்லிய செப்புத் தகட்டில் கோடுகளை அச்சடித்து, வேண்டாத செப்பைக் கரைத்துவிட்டு, மிஞ்சிய கோடுகளையே ஒயராக வைத்து ஒரு ரேடியோவைச் செய்து காட்டினார். கையால் ஒயர் கட்டும் பெண்களின் கூலியே இதைவிட மலிவு என்று ஒரு கம்பெனி அவரைத் திருப்பி அனுப்பியது. பிறகு இரண்டாம் உலகப் போரில், குண்டுகளின் மூக்கில் வைக்கும் சின்னஞ்சிறு மின்சுற்றுகளுக்கு அச்சடித்த பலகைதான் கை கொடுத்தது. இன்றைக்கு மதர்போர்டில் நாம் பார்க்கும் செப்புக் கோடுகள் அத்தனைக்கும் மூலம் அந்த ரேடியோ.

கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்தபோதும் மதர்போர்டு உடனே வந்துவிடவில்லை. 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரத்தில் எட் ராபர்ட்ஸ் என்பவர் செய்து விற்றது. அதன் அடியில் கிடந்த பலகையில் மூளை என்று ஒன்றும் கிடையாது. 100 முனை கொண்ட ஸ்லாட்டுகளை வரிசையாக இணைத்த வெறும் பாதை. பிராசசரே அதில் செருகும் ஒரு அட்டைதான், மெமரி இன்னொரு அட்டை. அந்த 100 முனையின் கணக்கைத் தெரிந்துகொண்ட வேறு வேறு ஆட்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையில் அட்டை செய்து விற்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1977-ல் ஸ்டீவ் வாஸ்னியாக் ஆப்பிள் 2-ஐ வடிவமைத்தபோது பிராசசர், மெமரி, திரைக்கான சுற்று எல்லாவற்றையும் ஒரே பலகையில் இறக்கினார். இறக்கிவிட்டு, எட்டு ஸ்லாட்டுகளையும் காலியாக விட்டுவைத்தார். பின்னால் யார் எதைச் செருகுவார்கள் என்று அவருக்கே தெரியாது. தெரியாத ஆளுக்கு இடம் விட்டுவைத்த அந்த எட்டு ஸ்லாட்டுகள்தான் இந்தக் கதையின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து ஐபிஎம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1980-ல் ஐபிஎம் உலகின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி. ஸ்குரூ முதல் சில்லு வரை தானே செய்து பழகிய வீடு. ஆப்பிள் மாதிரி சின்னக் கம்பெனிகள் மேசைக் கம்ப்யூட்டர் விற்பதைப் பார்த்து அதற்கும் ஆசை வந்தது. ஆனால் வழக்கமான முறையில் செய்தால் நாலைந்து வருஷம் ஆகும். ஃபுளோரிடாவின் போகா ரேட்டன் ஊரில் இருந்த ஒரு சின்னக் குழுவிடம் வேலை போயிற்று. தலைவர் டான் எஸ்ட்ரிட்ஜ். கையில் இருந்தது ஏறக்குறைய ஒரு வருஷம். அவசரம் என்ன செய்ய வைத்தது என்றால், வெளிச்சந்தையில் கிடைப்பதை வாங்கிப் பொருத்த வைத்தது. பிராசசர் இன்டெல்லின் 8088. இயங்குதளம் மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து. 1981 ஆகஸ்ட் 12-ம் தேதி அறிமுகமான அந்தப் பெட்டியின் அடிப்படை விலை 1,565 டாலர். உள்ளே கிடந்த போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள். திரைக்கான சுற்று போர்டில் இல்லை. அதைத் தனி அட்டையாக வாங்கிச் செருக வேண்டும். அவிநாசிப் பையன் இன்று கிராபிக்ஸ் கார்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடிவதற்கு அன்றைக்குப் போட்டதுதான் பிள்ளையார் சுழி.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் ஐபிஎம் செய்தது. போர்டின் மின்சுற்று வரைபடத்தையும், அதை எழுப்பிவிடும் பயாஸ் நிரலையும் வரிக்கு வரி புத்தகமாக அச்சடித்து விற்றது. மற்றவர்கள் அட்டை செய்து கொடுத்தால்தானே தன் பெட்டி விற்கும் என்ற கணக்கு. வரைபடத்தைப் பார்த்து போர்டைச் செய்துவிடலாம். ஆனால் பயாஸ் மீது பதிப்புரிமை இருந்தது, அப்படியே நகலெடுத்தால் வழக்கு. டெக்சாஸின் ஹூஸ்டனில் 1982-ல் தொடங்கிய காம்பாக் கம்பெனி அதற்கு ஒரு வழி கண்டது. ஒரு குழு ஐபிஎம் நிரலைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் குறித்துக் கொடுத்தது. அந்த நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதியது. 1983-ல் காம்பாக் விற்பனைக்கு வந்தது. முதல் வருஷத்திலேயே 53,000 பெட்டிகள் போயின. 1984-ல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி அதே முறையில் பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தது. கதவு அதன் பிறகு மூடவே இல்லை.

இப்படி வந்த நகல் பெட்டிகள் உண்மையிலேயே ஐபிஎம்முக்கு ஈடா என்று எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருளை ஓட்டிப் பார்த்தார்கள். அதோடு மைக்ரோசாஃப்ட்டின் ஃபிளைட் சிமுலேட்டரையும் ஓட்டிப் பார்த்தார்கள். 1982-ல் வந்த அந்த விமான விளையாட்டு வன்பொருளை நேரடியாகத் தொட்டு வேலை வாங்கும். போர்டில் ஒரு இழை பிசகினாலும் விமானம் கிளம்பாது. விளையாட்டுக்காகக் கம்ப்யூட்டர் வாங்குவதை வீண்செலவு என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். போர்டு நல்ல போர்டா என்று பார்க்கும் உரைகல்லாக விளையாட்டு ஆகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஐபிஎம் கதவைச் சாத்தவும் பார்த்தது. 1987-ல் பிஎஸ்/2 என்ற வரிசையில், மைக்ரோ சேனல் என்ற புது ஸ்லாட்டை வைத்து, அதைப் பயன்படுத்தக் கட்டணம் கேட்டது. காம்பாக் முன்னால் நிற்க ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து 1988-ல் பழைய அட்டைகளும் பொருந்துகிற தங்கள் சொந்த ஸ்லாட்டை அறிவித்தன. சில வருஷங்களில் மைக்ரோ சேனல் அழிந்தே போனது. வரைபடத்தை ஊருக்குக் கொடுத்த பிறகு அதைத் திரும்ப வாங்க ஐபிஎம்மாலும் முடியவில்லை.

விலை இறங்கியது தைவானில். 1980-களின் நடுவில் சிப்ஸ் அண்டு டெக்னாலஜீஸ் என்ற கலிபோர்னியக் கம்பெனி, ஐபிஎம் போர்டில் டஜன் கணக்கில் கிடந்த சில்லுகளின் வேலையை விரல்விட்டு எண்ணக்கூடிய சில சில்லுகளில் அடக்கியது. சிப்செட் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதன் தொடக்கம் இது. அந்தத் தொகுப்பை வாங்கிவிட்டால் போர்டு செய்யப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். தைவானில் 1986-ல் கிகாபைட், அதே வருஷம் எம்எஸ்ஐ, 1989-ல் அசுஸ் என்று கம்பெனிகள் தொடங்கின. அசுஸைத் தொடங்கிய நான்கு பேரும் ஏசர் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். இன்டெல்லின் புது பிராசசர் முதலில் ஐபிஎம் போன்ற பெரிய வீடுகளுக்குப் போய், தைவானுக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அசுஸ்காரர்கள் இன்டெல்லின் 486 பிராசசர் கையில் கிடைக்காமலே, கிடைத்த குறிப்புகளை வைத்து அதற்கான போர்டை வடிவமைத்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு இன்டெல்லிடம் போனபோது, இன்டெல் தன் சொந்த 486 போர்டில் ஒரு கோளாறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் அதைத் தீர்த்துக் கொடுத்தார்கள், இவர்கள் போர்டும் முதல் முயற்சியிலேயே ஓடியது என்பது அந்தக் கம்பெனி பெருமையோடு சொல்லும் வரலாறு.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத தொழில்முறை அல்ல. திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பேக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் வேறு, கட்டிங் ஸ்டிச்சிங் வேறு. ஒவ்வொருவரும் தன் ஜாப் ஆர்டரை மட்டும் முடித்து அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். அளவும் தரமும் முன்கூட்டியே பேசி வைத்ததால் கடைசியில் எல்லாம் பொருந்திவிடும். ஐபிஎம் வரைபடத்தை வைத்துத் தைவான் செய்தது இதைத்தான். அதனால்தான் ஒரு கம்ப்யூட்டரை மொத்தமாக வாங்காமல், ஒவ்வொரு உறுப்பையும் தன் பைக்கு ஏற்ற மாதிரிப் பொறுக்க நம்மால் முடிகிறது.

இந்தியாவுக்கு இது வந்த வழி வேறு. இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சொன்ன அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உடன்படாமல் ஐபிஎம் 1978-ல் நாட்டை விட்டே போய்விட்டது. அந்தச் சமயத்தில் சொந்தமாக ஒரு மைக்ரோ கம்ப்யூட்டரைச் செய்தது 1976-ல் தொடங்கிய எச்சிஎல். அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான ஷிவ் நாடார் படித்தது கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில். அவிநாசியிலிருந்து காந்திபுரம் போகிற பஸ் பீளமேட்டில் அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் போகிறது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதியைத் தளர்த்தியதும், வெளிநாட்டு போர்டுகள் வந்து இறங்கின. டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்பி ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று அசெம்பிள் செய்து கொடுக்கும் சந்தைகள் வளர்ந்தன. கோவைக்கு இந்த முறை தயக்கமில்லாமல் ஒட்டிக்கொண்டது. மோட்டாரையும் பம்பையும் உதிரி உதிரியாகச் செய்து பூட்டிப் பழகிய கைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன.

இனிமேல் போர்டின் உடம்பு. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வகுத்தது: 305 மில்லிமீட்டர் நீளம், 244 அகலம், ஸ்குரூ துளைகள் இன்னின்ன இடத்தில். 1997-ல் அதன் சுருக்கமாக 244-க்கு 244 மைக்ரோ ஏடிஎக்ஸ். முப்பது வருஷமாக இந்தத் துளைகள் இடம் மாறவில்லை. குறைந்த பட்ஜெட்டுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் தாராளமாகப் போதும். பெரிய போர்டில் கூடுதலாகக் கிடைக்கும் ஸ்லாட்டுகள் பெரும்பாலோர் வீட்டில் கடைசிவரை காலியாகத்தான் கிடக்கின்றன.

கிராபிக்ஸ் கார்டு உட்காரும் நீள ஸ்லாட்டில் ஒரு இந்தியர் கையும் இருக்கிறது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து இன்டெல்லுக்குப் போன அஜய் பட், யுஎஸ்பியை உருவாக்கியவர்களில் ஒருவர். ஏஜிபி, பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டிலும் உழைத்தவர். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2003-ல் வந்தது. ஒவ்வொரு தலைமுறைக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பழையதும் புதியதும் ஒன்றில் ஒன்று பொருந்தும். பொருந்தும் என்பதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற மலிவு கார்டு, ஸ்லாட்டில் தரவு ஓடும் பாதைகளில் (லேன்) நான்கை மட்டுமே பயன்படுத்தும். நாலாம் தலைமுறை ஸ்லாட்டில் அதற்கு நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி போக்குவரத்து கிடைக்கும். பி450, ஏ520 போன்ற மூன்றாம் தலைமுறை போர்டில் பாதிதான். கார்டில் இருப்பதோ 4 ஜிபி மெமரி. அது நிரம்பியதும் இந்தப் பாதைதான் வழி என்பதால், பல விளையாட்டுகளில் படம் திக்கித் திக்கி ஓடும். மதர்போர்டு பிரேம் கூட்டாது என்று சொன்ன கூட்டாளி, அது பிரேமைப் பறிக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பான். ஆகவே கார்டை முதலில் முடிவு செய்யுங்கள், அது எட்டுப் பாதைக் கார்டா, நாலா, பதினாறா என்று பாருங்கள், போர்டு பிறகு.

பிராசசர் உட்காரும் சாக்கெட் விஷயத்தில் ஒரு நல்ல வரலாறு நடந்தது. இன்டெல்லைப் போலவே பிராசசர் செய்யும் ஏஎம்டி கம்பெனி 2016-ல் கொண்டுவந்த ஏஎம்4 சாக்கெட் பல தலைமுறைகளுக்கு உழைத்தது. 2020 மே மாதத் தொடக்கத்தில், அந்த வருஷக் கடைசியில் வரப்போகும் பிராசசர்கள் பி450 போர்டில் ஓடாது என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. பழைய போர்டுகளின் பயாஸ் சில்லு பலவற்றில் 16 எம்பிதான், எல்லாத் தலைமுறைகளின் நிரலும் அதில் அடங்காது என்பது காரணம். வாங்கியவர்கள் உலகம் முழுவதும் குரல் எழுப்பினார்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவு மாறியது. 2018-ல் பி450 போர்டு வாங்கிய ஒருவரால், 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை, பயாஸை மட்டும் புதுப்பித்து அதே போர்டில் ஏற்ற முடிந்தது. பட்ஜெட்காரருக்கு இதைவிடப் பெரிய லாபம் கிடையாது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளோடு நின்றுவிட்டது. 2024-ல் சாக்கெட்டே மாறிவிட்டது. ஏஎம்டியின் ஏஎம்5 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, 2027 தாண்டியும் ஆதரவு உண்டென்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு பிராசசரை மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5. இருக்கிற பணத்தில் இன்றைக்கே முடித்து ஐந்து வருஷம் தொடாமல் ஓட்டுவதாக இருந்தால், ஏஎம்4-ல் பி550, இன்டெல்லில் பி660 அல்லது பி760 போதும். எச்610-ல் ரேம் ஸ்லாட் இரண்டுதான். இரண்டையும் முதலிலேயே ஒரே அளவு ரேமால் நிரப்பிவிட்டால் அதுவும் குறையில்லை.

ரேமைச் சொல்லும்போது இன்னொன்று. டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் வெட்டுவாய் வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது. ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே எடுக்கும். எல்ஜிஏ1700 போர்டுகள் இரண்டு வகையிலும் வருகின்றன, பெயரில் சின்ன வித்தியாசம்தான் இருக்கும். 2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததும் ரேம் விலை கடுமையாக ஏறியது. பழைய கம்ப்யூட்டரில் நல்ல டிடிஆர்4 ரேம் கிடந்தால் அதைத் தூக்கிப்போடாமல், அது ஏறுகிற போர்டாகப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கை வைக்கவே கூடாத இடம் சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மின்சாரப் பகுதி. எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 12 வோல்ட். பிராசசர் கேட்பது ஏறக்குறைய ஒரு வோல்ட். 65 வாட் பிராசசர் 1.2 வோல்ட்டில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மாற்றத்தைச் செய்யும் பகுதியை விஆர்எம் என்பார்கள். மலிவு போர்டுகள் பலவற்றில் அதன் மேல் வெப்பத்தை இறக்கும் அலுமினியக் கட்டி இருக்காது. ஏப்ரல் மாதத்து மதியத்தில், தகரக் கூரை அறையில், மூன்று மணி நேரம் விளையாடினால் விஆர்எம் கொதிக்கும்; கொதித்ததும் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறு கோர் பிராசசருக்கு எளிய விஆர்எம் தாங்கும். எட்டு கோருக்கு மேல் போனால் அலுமினியக் கட்டி இல்லாத போர்டை வாங்காதீர்கள். விளக்கு, வண்ண உறை, ‘கேமிங்’ என்று பெட்டியில் பெரிதாக அடித்த எழுத்து, இவற்றில் தாராளமாகக் குறைக்கலாம். இணையத்தில் எக்ஸ்99 என்று சொல்லி மலிவாக விற்கும் பெயர் தெரியாத போர்டுகள், சர்வர்களில் கழித்துவிட்ட பழைய பிராசசர்களுக்காகச் செய்யப்படுபவை. வாரண்டி கேட்டுப் போக வாசல் இல்லாத பொருளைச் சேமிப்புப் பணத்தில் வாங்க வேண்டாம்.

நம் பகுதிக்கென்று இரண்டு சங்கதி. தறி ஓடும் தெருவிலும் நிட்டிங் ஓடும் தெருவிலும் பஞ்சுத் துசும்பு காற்றிலேயே மிதக்கும். ஃபேன் அதை இழுத்து அலுமினியக் கட்டியின் இடுக்கில் அடைத்துவிடும். மாதம் ஒருமுறை, பவரை அணைத்து, சின்னப் பிரஷ்ஷால் துடையுங்கள். கோடை மழையில் இடி இறங்கும்போது, எஸ்எம்பிஎஸ் தப்பித்தாலும் பிராட்பேண்ட் கேபிள் வழியாக போர்டின் நெட்வொர்க் சில்லு போய்விடக்கூடும். வானம் கறுத்தால் அந்தக் கேபிளையும் கழற்றி வையுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் எந்த போர்டையும் மாட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எல்ஜிஏ1700-லும் ஏஎம்5-லும் ஊசிகள் பிராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. கடையை விட்டு இறங்கும் முன் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, மூடியைத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, எல்லா ஊசியும் ஒரே வரிசையில் நிற்கிறதா என்று பாருங்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். பெரும்பாலான கம்பெனிகள் மூன்று வருஷம் வாரண்டி தருகின்றன. வளைந்த ஊசிக்கு மட்டும் யாரும் தருவதில்லை.